பார்க் ஸ்ட்ரீட் யூதப் பெண்கள் பள்ளி: யூதப் பிள்ளைகளே இல்லாமல் எப்படி ஓடுகிறது?

கொல்கத்தா மாற்றல்:
வணக்கம். வங்கி வேலையில் மாற்றலாகி கொல்கத்தா வந்து எட்டு மாதம் ஆகிறது. பார்க் சர்க்கஸ் பக்கம் வாடகைக்கு இருக்கிறேன். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பள்ளிச் சிறுமிகள் கும்பல் கும்பலாகப் போவார்கள். பாதிப் பேருக்கு மேல் தலையில் முக்காடு. பள்ளிச் சின்னத்தில் ஆறு முனை நட்சத்திரம். முதல் நாள் பார்த்தபோது நம்ம முருகன் கோயில் அறுகோணம் என்றுதான் நினைத்தேன். இங்கே ஏது ஆறுமுகம் என்று குழம்பிப் போய், பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். 'ஜூயிஷ் கேர்ள்ஸ் ஸ்கூல்' என்றார். நட்சத்திரம் தாவீதினுடையது.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் அங்கேதான் படிக்கிறாள். வீட்டில் உருது பேசுகிறார்கள். பள்ளியில் யூத மாணவி யாராவது உண்டா என்று கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. "எங்க அம்மா படிக்கும்போதே இல்லையே அங்கிள்" என்கிறாள். யூதர்களே இல்லாத யூதப் பள்ளி எப்படி வந்தது, ஏன் இன்னும் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மொக்கைராசா:
சென்னையில் எத்தனை உடுப்பி ஓட்டலில் உடுப்பிக்காரர் இருக்கிறார்? போர்டு மாற்ற செலவு ஆகும் பாஸ், அவ்வளவுதான்.

பவளக்காரத் தெரு:
ராசா, காலையிலேயே ஆரம்பிச்சாச்சா.

மாற்றல் சார், நான் மண்ணடிக்காரன். எங்கள் பவளக்காரத் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே 17-ஆம் நூற்றாண்டில் பவளம் விற்ற யூத வணிகர்களால். அவர்கள் போர்த்துகீசிய வழி வந்தவர்கள். பள்ளி எதுவும் விட்டுப் போகவில்லை, கொஞ்சம் கல்லறைகள் மட்டும். அந்தப் பைத்தியத்தில் இந்திய யூதர்கள் பற்றி நிறையப் படித்துவிட்டேன். அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்கத்தா யூதர்கள் வேறு வழி வந்தவர்கள். முதலில் வந்து குடியேறியவர் சிரியாவின் அலெப்போ ஊர்க்காரர் ஷாலோம் கோஹன். சூரத்துக்கு வந்து, 1798-இல் கல்கத்தா சேர்ந்தார். அவருக்குப் பின்னால் பாக்தாத், பஸ்ரா என்று ஈராக் பக்கமிருந்து குடும்பங்கள் வந்தன. பட்டு, அவுரி, அபின், அப்புறம் சணல், அதற்கப்புறம் கட்டடங்கள். இன்றைக்கும் எஸ்ரா தெரு அங்கே இருக்கிறது. எஸ்பிளனேட் மேன்ஷன் மாதிரி பெரிய கட்டடங்கள் பலவும் எஸ்ரா என்ற பணக்கார யூதக் குடும்பம் எழுப்பியவை.

வந்த தலைமுறைக்கு வீட்டு மொழி அரபி. ஆனால் எழுதுவது எபிரேய எழுத்தில். கீழக்கரை, காயல்பட்டினத்தில் தமிழை அரபி எழுத்தில் எழுதிய அர்வி இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. 1870, 80-களில் அந்த அரபியிலேயே கல்கத்தாவில் வாரப் பத்திரிகைகள் வந்திருக்கின்றன. ஆண் பிள்ளைகளுக்குத் தொழுகைக்கான எபிரேயம் சொல்லித்தர ஆள் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு எதுவுமே இல்லை. இங்கிலீஷ் படிக்க வேண்டுமானால் கிறிஸ்தவ மிஷனரிப் பள்ளிதான். அங்கே அனுப்பினால் மதம் மாறிவிடுவார்களோ என்று பயம். படிப்பும் வேண்டும், பிள்ளையும் வீட்டோடு இருக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் 1881-இல் யூதப் பெண்கள் பள்ளி தொடங்கினார்கள். பொல்லாக் தெருவில், பெத் எல் தொழுகைக்கூடத்தின் பக்கத்திலேயே.

ஆண்களுக்குத் தனிப் பள்ளியும் வந்தது. எலையாஸ் மேயர் இலவசப் பள்ளி, தல்மூத் தோரா என்று பெயர். பௌபஜார் பக்கம். அதுவும் இன்றைக்கு ஓடுகிறது, அங்கேயும் இதே கதைதான்.

கொல்கத்தா மாற்றல்:
மிக்க நன்றி சார். பொல்லாக் தெருவில் தொடங்கிய பள்ளி பார்க் ஸ்ட்ரீட்டுக்கு எப்படி வந்தது?

லேக் மார்க்கெட் மாமி:
இதை நான் சொல்கிறேன் தம்பி. 1983-இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். அப்போது என் வீட்டுக்காரர் ஆபீசில் ஒரு யூத அம்மாள் ஸ்டெனோவாக இருந்தார், ரிட்டயராகும் வயது. பொல்லாக் தெருப் பள்ளியில் படித்தவர். அவர் வாயால் கேட்டதுதான் எனக்குத் தெரிந்ததில் பாதி.

பள்ளியில் எபிரேயப் பிரார்த்தனை, பாடமெல்லாம் இங்கிலீஷ், கடைசியில் கேம்பிரிட்ஜ் பரீட்சை. தலைமை ஆசிரியை ராமா லுட்டி என்ற பெண்மணி. பல வருடம் பள்ளியைக் கட்டி ஆண்டவர். அவர் பேரைச் சொன்னாலே இந்த அம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார், அறுபது வயதிலும்!

பணக்கார யூதர்கள் தங்கள் பெண்களை லொரெட்டோ கான்வென்ட் மாதிரி பெரிய இடங்களுக்கு அனுப்பிவிடுவார்களாம். யாருக்காகப் பயந்து பள்ளி தொடங்கினார்களோ, அவர்களிலேயே வசதியானவர்கள் கன்னியாஸ்திரீகளிடம் போய்விட்டார்கள். பொல்லாக் தெருவுக்கு வந்தது பெரும்பாலும் நடுத்தரமும் ஏழையும். யூதர் என்றால் எல்லாரும் எஸ்ரா, சசூன் மாதிரிப் பணக்காரர்கள் என்று நினைக்கிறோம். ஒண்டிக் குடித்தனத்தில் இருந்து, சமூக நன்கொடையில் சாப்பிட்டவர்கள் ஏகப்பட்ட பேர். அந்த வீட்டுப் பெண்கள் இந்தப் பள்ளியில் இங்கிலீஷும் டைப்பும் கற்று பிரிட்டிஷ் கம்பெனிகளில் வேலைக்குப் போனார்கள். யுத்த காலத்தில் இன்னும் அதிகம். இரண்டு மூன்று தலைமுறைக்குள் அரபி பேசிய பாட்டிக்கு இங்கிலீஷ் மட்டுமே பேசும் பேத்தி.

பார்க் ஸ்ட்ரீட் கட்டடத்துக்கு 1950-களில் மாறினார்கள். மல்லிக் பஜார் பக்கம், 63-ஆம் எண். அதில்தான் வேடிக்கை. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பெரிய இடத்துக்குப் போயிருக்கிறார்கள்.

பவளக்காரத் தெரு:
மாமி சொல்வது ரொம்பச் சரி. ஜெனரல் ஜேக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள், 1971-இல் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணாகதியை முன்னின்று நடத்தியவர். கல்கத்தா பாக்தாதி யூதக் குடும்பம். படித்தது மலையில், குர்சியோங் உறைவிடப் பள்ளியில். வசதி இருந்தால் பௌபஜார் வேண்டாம் என்பதுதான் வழக்கம்.

அவர்கள் ஏன் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1940-களில் உச்சத்தில் நாலாயிரம், ஐயாயிரம் பேர் இருந்தார்கள், பர்மாவிலிருந்து ஓடி வந்தவர்களையும் சேர்த்து. 1946 ஆகஸ்ட் 16-இல் தொடங்கிய இந்து-முஸ்லிம் கலவரத்தில் யூதர்கள் குறி இல்லை. ஆனால் தெருவில் பிணம் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த நகரத்தின் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. அடுத்த வருடம் சுதந்திரம், அதற்கு அடுத்த வருடம் இஸ்ரேல். தங்களை ஐரோப்பியர் கணக்கில் சேர்க்கச் சொல்லி பிரிட்டிஷ் அரசிடம் பல காலம் மனுப் போட்டுக்கொண்டிருந்த சமூகம் அது. வெள்ளைக்காரன் போனதும் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வி வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டில் பெரிய வியாபாரமும் படுத்துவிட்டது. லண்டன், இஸ்ரேல், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பிரிந்து போனார்கள். யாரும் துரத்தவில்லை. இந்திய யூதர் வரலாற்றில் இதை எல்லாரும் அழுத்திச் சொல்வார்கள், நானும் சொல்கிறேன்.

இன்றைக்கு ஊரில் இருபது பேர் இருந்தால் அதிகம். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அதற்கே ஆளில்லை. 1884-இல் கட்டிய மாகன் டேவிட் தொழுகைக்கூடம் அத்தனை அழகு, தொல்லியல் துறை பழுது பார்த்து வைத்திருக்கிறது. பார்த்துக்கொள்பவர்கள் ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக.

மொக்கைராசா:
சரி, சீரியஸாகவே கேட்கிறேன். ஆள் போயாச்சு. பள்ளியைப் பூட்டிவிட்டு நிலத்தை விற்றிருக்கலாமே? பார்க் ஸ்ட்ரீட் நிலம் என்றால் சும்மாவா. இன்னொன்று, எபிரேயமும் இல்லை, யூதப் பிரார்த்தனையும் இல்லை என்றால் மிச்சம் என்ன யூதம்? சட்டையில் தைத்த நட்சத்திரமா?

லேக் மார்க்கெட் மாமி:
பூட்டவில்லை, ஏனென்றால் வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள். யூதப் பெண்கள் குறையக் குறைய அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அந்த அக்கம்பக்கம் எது என்று மாற்றல் தம்பியைக் கேளுங்கள். பார்க் சர்க்கஸ், பெனியாபுகூர், ரிப்பன் ஸ்ட்ரீட், எலியட் ரோடு. முஸ்லிம் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடம். பொல்லாக் தெருவிலேயே, அந்த ஆபீஸ் நெரிசலுக்கு நடுவே இருந்திருந்தால் பள்ளி எப்போதோ முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கொல்கத்தா மாற்றல்:
மாமி சொன்னதும் நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன், ஏன் அந்தப் பள்ளி என்று. யோசிக்காமல் பதில் சொன்னார். "ஐ.சி.எஸ்.இ. இங்கிலீஷ் மீடியம். பெண்கள் மட்டும். நடந்து போகலாம். கான்வென்ட் இல்லை." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தணிந்தது. கான்வென்டில் என்ன தப்பு என்று கேட்டேன். "தப்பு ஒன்றுமில்லை பாய்சாப், அவங்க சாமி பாட்டை நம்ம பொண்ணு எதுக்குப் பாடணும்?" என்றார்.

நட்சத்திரம் பற்றியும் கேட்டேன். ஸ்கூல் பேட்ஜ்தானே என்று தோளைக் குலுக்கிவிட்டார்.

பவளக்காரத் தெரு:
இதைத்தான் சார் நான் தேடிக்கொண்டிருந்தேன்! 1881-இல் பொல்லாக் தெருவில் ஒரு யூத அம்மாவை நிறுத்திக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். இங்கிலீஷ் வேண்டும், பெண்கள் மட்டும், வீட்டுக்குப் பக்கம், மிஷனரி வேண்டாம். ராசா கேட்ட 'மிச்சம் என்ன' என்பதற்கு என் பதில் இதுதான். பள்ளி அன்று செய்த வேலையைத்தான் இன்றும் செய்கிறது, வேறு வீட்டுப் பெண்களுக்கு.

மொக்கைராசா:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் ஓட்டை. 1881-இல் அது அவர்கள் தொடங்கிய பள்ளி, அவர்கள் பணம், பிள்ளைக்குத் தன் மதத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைய முஸ்லிம் பெற்றோர் வாடிக்கையாளர்கள். மதப்பாடம் வேறு எங்கோ நடக்கிறது. மதம் சொல்லித்தராத பள்ளி என்பதால் வருகிறார்கள். இரண்டும் ஒன்றா?

பவளக்காரத் தெரு:
முழுசாக ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். எபிரேய வகுப்பு நின்று பல காலம். பயம் ஒன்று, அதற்குக் கண்டுபிடித்த வழி வேறு என்று வைத்துக்கொள்ளலாம்.

மோஸ்லி வாசன்:
யாழ்ப்பாணத்தான், இங்கிலாந்து பர்மிங்காமில் இருபது வருசம். எங்கட பக்கத்திலயே இப்படி ஒரு பள்ளி இருக்குது, அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மோஸ்லியில் உள்ள கிங் டேவிட் ஆரம்பப் பள்ளி. 1840-களில் தொடங்கிய எபிரேயப் பள்ளியின் வாரிசு. பர்மிங்காம் யூதர்கள் குறைந்து கொண்டே போக, பிள்ளைகளில் பாதிக்கு மேல் முஸ்லிம்கள் ஆகிவிட்டார்கள். ஆனால் உங்கட கல்கத்தா பள்ளிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்குது. இங்கே எபிரேயம் இன்னும் படிப்பிக்கிறார்கள். யூதப் பண்டிகைகள் நடக்கும். சாப்பாடு கோஷர், அதாவது யூத சமய விதிப்படி. பாகிஸ்தான் வழி வந்த பிள்ளை 'ஷாலோம்' பாடிக்கொண்டு வீட்டுக்குப் போகும். தாய் தகப்பனுக்கு அதில் பிரச்சினை இல்லை. பன்றி இல்லாத சாப்பாடு, ஒழுங்கான உடுப்பு, கடவுளை நம்புகிற இடம், நல்ல படிப்பு. அது போதும் என்கிறார்கள்.

இது எப்படி நடந்தது என்றால், இங்கே இந்த மாதிரிச் சமயப் பள்ளிகளுக்கு அரசாங்கம்தான் காசு கொடுக்குது. இடம் மிஞ்சினால் எந்தச் சமயப் பிள்ளை கேட்டாலும் சேர்க்கத்தான் வேணும், அது சட்டம். யூதப் பிள்ளைகள் குறைந்தால் கதிரை வெறுமையாக இருக்காது, பக்கத்துத் தெருப் பிள்ளை வந்து இருக்கும்.

ஸ்கொட்லாந்தில் இன்னொரு விதம். அங்கே இருந்த ஒரே யூதப் பள்ளி கிளாஸ்கோவின் கால்டர்வுட் லொட்ஜ், 1962-இல் தொடங்கியது. 2017-இல் நியூட்டன் மேர்ன்ஸில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியோடு சேர்ந்து ஒரே வளாகத்துக்குப் போய்விட்டது. இரண்டு பள்ளி, ஒரு கட்டடம்.

லேக் மார்க்கெட் மாமி:
வாசன் தம்பி, பன்றி இல்லாத சாப்பாடு என்றீர்களே, இங்கேயும் அந்தக் கணக்கு உண்டு. கல்கத்தா யூத வீடுகளில் சமையல்காரர் பெரும்பாலும் முஸ்லிம். பன்றியை அவரும் தொடமாட்டார். பாலையும் இறைச்சியையும் கலக்கக் கூடாது என்று ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வார். அவர்களுடைய பேர்போன ஆலு மகல்லா, முழு உருளைக்கிழங்கை எண்ணெயில் மெதுவாகப் பொரித்து மேல் தோடு மொறுமொறு என்று எடுப்பது, அதைக் கைப்பக்குவமாகச் செய்யத் தெரிந்தவர்கள் இந்தச் சமையல்காரர்கள்தான். யூதர்கள் கப்பல் ஏறிய பிறகும் பக்குவம் இங்கேயே தங்கிவிட்டது. நியூ மார்க்கெட்டில் நஹூம் பேக்கரிக்குப் போனீர்களா? 1902-இல் தொடங்கிய கடை. கிறிஸ்துமஸுக்கு அங்கே நிற்கிற வரிசை இருக்கிறதே, யூதர் கடையில் கிறிஸ்தவர் பண்டிகைக்கு வங்காளி இந்துக்கள் பிளம் கேக் வாங்குவார்கள். அதையெல்லாம் தினமும் பார்த்தவர்களுக்கு உங்கள் பள்ளியில் அதிசயமே தெரியாது.

மொக்கைராசா:
மாமி, கேக் பார்சல் வருமா?

லேக் மார்க்கெட் மாமி:
மெட்ராஸ் வரும்போது கொண்டுவருகிறேன், இப்போதைக்கு வாயை மூடு.

வழக்குநாமா (மதுரை):
சட்டக் கோணத்தில் ஒரு விஷயம். குறிப்பாக இந்தப் பள்ளியைப் பற்றி இல்லை, பொது விதியைச் சொல்கிறேன். அரசியலமைப்பின் 30(1) பிரிவு மத, மொழிச் சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் 'நிறுவி, நிர்வகிக்கும்' உரிமை தருகிறது. வெளியாரைச் சேர்த்தால் அந்தத் தன்மை போய்விடுமா என்ற கேள்வி 1958-இல் கேரளக் கல்வி மசோதா விவகாரத்திலேயே வந்தது. கொஞ்சம் வெளியாரைத் தூவினாற்போலச் சேர்த்தால் தன்மை போகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினோரு நீதிபதிகள் அமர்ந்து, சிறுபான்மையா இல்லையா என்பதை மாநிலவாரியாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். நம் ஊரில் தெலுங்கர் தொடங்கிய கல்லூரி மொழிச் சிறுபான்மைக் கல்லூரி ஆவது இப்படித்தான்.

யூதர்கள் மத்திய அரசின் சிறுபான்மைப் பட்டியலில் இல்லை. மாநில அளவில் முதலில் அங்கீகரித்தது மேற்கு வங்கம், 2016-இல் மகாராஷ்டிரம், பிறகு குஜராத்.

ஆனால் தூவுவதற்கு உள்ளே ஒரு சமூகம் இருக்க வேண்டுமே. சமூகமே இருபது பேர், பள்ளி வயதுக் குழந்தை பூஜ்யம் என்றால்? 2024 நவம்பரில் அலிகர் பல்கலைக்கழக வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-க்கு 3 என்று சொன்னது கவனிக்கத் தக்கது. ஒரு நிறுவனம் சிறுபான்மையினர் நிறுவியதா என்று அறிய, யார் யோசனை, யார் பணம், யாருக்காக என்று தொடக்கத்தைத் தோண்டிப் பார்க்கச் சொன்னார்கள். அந்தக் கண்ணால் பார்த்தால் 1881-க்கு மதிப்பு உண்டு. வகுப்பில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி.

மொக்கைராசா:
அப்போ போர்டு மாற்றாததற்கு நான் சொன்ன காரணம் அவ்வளவு முட்டாள்தனம் இல்லை. பெயருக்குப் பின்னால் உரிமை இருக்கிறது.

வழக்குநாமா (மதுரை):
இருக்கலாம். ஆனால் மாற்றாததெல்லாம் கணக்குப் போட்டு மாற்றாதது என்று நினைக்க வேண்டாம். அறக்கட்டளைப் பத்திரத்தில் உள்ள பெயரை மாற்ற அலைவதைவிட விட்டுவிடுவது சுலபம்.

டெல்லித் தமிழ்ப் பள்ளி:
நான் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தவன். மொத்தம் ஏழு பள்ளிகள். நான் படித்தபோதே வகுப்பில் வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் நிறைய. என் பக்கத்தில் உட்கார்ந்தவன் பீகாரி. ஆத்திசூடியை என்னைவிடத் தெளிவாகச் சொல்வான், 'ழ' உட்பட. நான் 'பளம்' என்பேன். பள்ளி தமிழர்களுடையதா, அவனுடையதா என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவன்தான் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருப்பான்.

அதனால் மோஸ்லி மாதிரி மொழியைத் தக்கவைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்கத்தாவில் எபிரேயத்தை விட்டதில் கொஞ்சம் வருத்தம்தான்.

லேக் மார்க்கெட் மாமி:
யார் சொல்லித்தருவது தம்பி? வாத்தியாரும் அதே கப்பலில்தானே போனார்.

பவளக்காரத் தெரு:
பம்பாயைச் சொல்லாமல் விட்டால் தப்பு. மசகானில் எல்லி கதூரி பள்ளி. 1875-இல் ஹயீம் சாமுவேல் கேஹிம்கர் 'இஸ்ரேலைட் பள்ளி' என்று தொடங்கியது. பாக்தாதி யூத வணிகர் கதூரி பணம் கொடுத்த பிறகு அவர் பெயர் வந்தது. அது பெனே இஸ்ரேல் யூதர்களுக்கானது. அவர்கள் வீட்டு மொழி மராத்தி, கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த வழி வந்தவர்கள், சனிக்கிழமை செக்கை நிறுத்துவதால் 'சனிவார் தேலி' என்று ஊரார் அழைத்தார்கள். மராத்தியும் எபிரேயமும் இங்கிலீஷும் சேர்ந்த பள்ளி. அங்கேயும் இப்போது பிள்ளைகள் பெரும்பாலும் யூதரல்லாதவர்கள். ஆனால் பம்பாயில் சமூகம் இன்னும் உயிரோடு இருக்கிறது, கல்கத்தா போல விரல் விட்டு எண்ணுகிற நிலை இல்லை.

கொல்கத்தா மாற்றல்:
ஞாயிற்றுக்கிழமை மிர்சா காலிப் தெருவுக்கு நடந்தேன், பழைய ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட். அங்கே ஆர்மீனியன் கல்லூரி இருக்கிறது, 1821-இல் தொடங்கிய பள்ளி. எழுத்தாளர் தாக்கரே பிறந்த வளாகம் என்று பலகை. அவர்களும் யூதர்கள் மாதிரியே வியாபாரத்துக்கு வந்து, வளர்ந்து, கலைந்து போனவர்கள். ஆனால் இவர்கள் செய்தது முழுக்க வேறு. ஊரில் பிள்ளைகள் இல்லையென்றால் வெளியிலிருந்து வரவழைப்போம் என்று ஈரான், ஈராக், ஆர்மீனியாவிலிருந்து ஆர்மீனியப் பிள்ளைகளைக் கொண்டுவந்து தங்கவைத்துப் படிக்கவைக்கிறார்கள். வாசலில் நின்றபோது உள்ளே ரக்பி விளையாட்டுச் சத்தம்.

டாங்ராவில் சீனப் பள்ளி ஒன்று இருந்ததாம். 1962 போருக்குப் பின் சீனர்கள் டொரன்டோ பக்கம் போகப் போக, பிள்ளைகள் இல்லாமல் அது மூடியே விட்டது.

ஒரே ஊர். ஒன்று பிள்ளைகளை இறக்குமதி செய்தது, ஒன்று பூட்டியது. நடுவில் இந்த நட்சத்திரப் பள்ளி. எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மற்ற இரண்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மொக்கைராசா:
நான் ஆட்டத்தைவிட்டு விலகுகிறேன். நிலத்தை விற்கச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்குகிறேன்.

ரங்கூன் பேரன்:
தாமதமாகப் பார்த்தேன். எங்கள் ஐயா தேவகோட்டை. ரங்கூன் மொகல் தெருவில் கடையில் கணக்குப் பார்த்தவர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், 26-ஆம் தெருவில், யூதர் கோயில் இருந்தது என்று சொல்வார். முஸ்மியா யெஷுவா. இன்றும் இருக்கிறது, சுற்றிலும் முஸ்லிம் கடைகள். ரங்கூனிலும் யூதப் பள்ளி இருந்தது, 1910 வாக்கில் இருநூறு பிள்ளைகள் படித்திருக்கிறார்கள்.

1941 டிசம்பர் 23-இல் குண்டு விழுந்தது. தமிழர், யூதர், குஜராத்தி எல்லாரும் ஒரே ஓட்டம். பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்குக் கப்பல், மற்றவர்கள் அரக்கான் வழி, மணிப்பூர் வழி நடை. ஐயா நடந்தார். வழியில் பார்த்ததைப் பற்றிப் பேசவே மாட்டார். கல்கத்தா வந்து சேர்ந்ததும் ஓர் அஞ்சலட்டை போட்டார், "உசிரோட இருக்கேன், ரயிலுக்குக் காத்திருக்கேன்" என்று. அதை அப்பத்தா கடைசி வரை சீலைப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

மேலே பவளக்காரத் தெரு ஐயா, உச்ச எண்ணிக்கையில் பர்மாக்காரர்களும் சேர்த்தி என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா மாதிரி ஆட்களுக்கு ஏறிப் போக ஊர் இருந்தது. ரங்கூன் யூதர்களுக்குக் கல்கத்தாதான் ஊர். அந்தப் பிள்ளைகள் பொல்லாக் தெருப் பள்ளியில் சேர்ந்திருப்பார்கள், இல்லையா?

பவளக்காரத் தெரு:
ஆமாம் ஐயா. யூதப் பள்ளிகள் இரண்டும் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. வகுப்புகள் நிரம்பி வழிந்தது அந்த வருடங்களில்தான். பெரிய கட்டடம் வேண்டும் என்ற நினைப்பு அப்போது வந்திருக்கலாம் என்பது என் ஊகம். கட்டடம் வந்தபோது பிள்ளைகள் இல்லை.

லேக் மார்க்கெட் மாமி:
அந்த ஸ்டெனோ அம்மாளும் அதைச் சொல்லியிருக்கிறார், இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் 'ரங்கூன் கேர்ள்ஸ்' என்று. அவர் 90-களில் ஆஸ்திரேலியாவில் இருந்த தம்பியிடம் போய்விட்டார்.

கொல்கத்தா மாற்றல்:
இன்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு பொல்லாக் தெரு போனேன். பெத் எல் பூட்டியிருந்தது. காவலாளி, முன் அனுமதி வேண்டும் என்றார், பெரியவர், ஒடியா வாடையில் இந்தி. பழைய பள்ளிக்கூடம் எது என்று கேட்டேன். கையைக் காட்டினார். அஞ்சலகம்! பள்ளி காலி செய்த கட்டடத்தில் இப்போது பொல்லாக் தெரு அஞ்சலகம். உள்ளே உயரமான கூரை, பச்சை பெயின்ட், பணவிடைத்தாள் நிரப்பும் இரண்டு கூலிக்காரர்கள். அந்த ஐந்து பேர் உட்கார்ந்த பெஞ்ச் எந்த மூலையில் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றதில் கவுன்டர்காரர் எரிச்சலாகி என்ன வேண்டும் என்றார்.

ஓர் அஞ்சலட்டை வாங்கினேன். ரங்கூன் பேரன் சார், எழுதிவிட்டேன், பின்பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. உங்கள் தேவகோட்டை முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள். நாளைக்கு அந்தப் பெட்டியிலேயே போட்டுவிடுகிறேன்.